கேள்வி நேரம்: கடைசிப் பக்கத்து இரண்டு வரி

இந்த வாரம் வாசகர்களுக்குப் பதில் சொல்பவர், சர்வதேச வணிக வழக்குகளில் 36 ஆண்டுகளாக வாதாடி வரும் மூத்த வழக்கறிஞர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் பணி. சில ஆண்டுகளாக நடுவராகவும் அமர்கிறார்.

ஆர்பிட்ரேஷன் என்பது நம்ம ஊர்ப் பஞ்சாயத்துதானே அம்மா? அதற்கு எதற்கு வக்கீலும் லட்சக்கணக்கில் ஃபீஸும்?
– வாசகர், மன்னார்குடி

நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் தகராறைத் தீர்ப்பதுதான் ஆர்பிட்ரேஷன். வேர் ஒன்றுதான். என் அப்பா மயிலாடுதுறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மூட்டைக்கு இரண்டு கிலோ குறைகிறது என்று வியாபாரிக்கும் ஆலைக்காரருக்கும் தகராறு வந்தால், கடைத்தெருவில் இருந்த ஒரு பெரியவரிடம் இரண்டு பேருமாகப் போவார்கள். பேச்சைத் தொடங்கும் முன்பே, “நீங்க என்ன சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்” என்று இரு தரப்பும் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே தரும் அந்தச் சம்மதம்தான் ஆர்பிட்ரேஷனுக்கும் உயிர்.

அதற்கப்புறம் வழி பிரிகிறது. பெரியவர் சொன்னதைக் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நடுவர் தருவதோ நீதிமன்ற டிகிரி போல நிறைவேற்றக்கூடிய தீர்ப்பு. 1958-ல் நியூயார்க்கில் போட்ட உடன்படிக்கையில் இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஒரு நாட்டில் பெற்ற தீர்ப்பை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் காட்டிப் பணத்தை வசூலிக்கலாம். அந்த நீதிமன்றம் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது. நோட்டீஸ் ஒழுங்காகப் போனதா, நடுவர் தன் எல்லையைத் தாண்டினாரா என்பது போன்ற சில கேள்விகளோடு நின்றுவிடும்.

சமரசத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சமரசம் செய்பவர் இரண்டு பேரையும் ஒத்துப்போக வைக்கப் பார்ப்பார். நடுவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். அதன் மேல் அப்பீல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆகவே, போவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

ஜெர்மனி பையருக்கு டி-ஷர்ட் அனுப்பினோம். ஷேடு வேரியேஷன் (நிற வேறுபாடு) என்று டெபிட் நோட் (பிடித்தச் சீட்டு) போட்டு 46 லட்சத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கேயே கேஸ் போடலாமா? ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறேன்.
– பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

நகலை முழுவதும் படித்தேன். 11 பக்கம். ஜிஎஸ்எம் (துணியின் எடை), சாயத்தின் கெட்டித்தன்மை, அட்டைப்பெட்டி அளவு, லேபிள் தைக்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் நீங்கள் வரி வரியாகத் திருத்தம் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் மட்டும் உங்கள் பேனா படவே இல்லை. அங்கேதான் அந்த இரண்டு வரி இருக்கிறது: தகராறு வந்தால் லண்டனில் ஆர்பிட்ரேஷன், மூன்று நடுவர்கள், இங்கிலாந்துச் சட்டம்.

திருப்பூரில் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு இந்த இரண்டு வரியைக் காட்டும். 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் உங்களை ஆர்பிட்ரேஷனுக்குத்தான் அனுப்பும். அங்கே மூன்று நடுவர்களுக்கும் மணிக்கணக்கில் கட்டணம், அங்கத்திய வழக்கறிஞர், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் 46 லட்சத்தைத் தாண்டிவிடும். பையருக்கு இது நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பணத்தை நிறுத்தியிருக்கிறார். உங்களைப் போன்றவர்களின் கடிதங்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வருகின்றன. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் நெஞ்சு அடைத்துப்போகிறது. இரவு ஷிஃப்ட் போட்டு அனுப்பிய சரக்கின் பணம், யாரோ எந்த ஒப்பந்தத்திலிருந்தோ வெட்டி ஒட்டிய இரண்டு வரியில் போய் மாட்டிக்கொள்கிறது.

ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த இரண்டு வரியை இப்போதுகூட மாற்றலாம். ஒரே நடுவர், சாட்சி விசாரணை இல்லாமல் ஆவணங்களை மட்டும் வைத்துத் தீர்ப்பு என்று கேட்டு ஒரு மெயில் அனுப்புங்கள். மறுத்தால், மறுத்ததற்கு எழுத்தில் சாட்சி கிடைக்கும். பிறகு செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வரும்போது அந்த மெயில் உதவும். ஈசிஜிசி (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) பாலிசி இருந்தால் அதன் கெடுவுக்குள் தகவல் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பையர் ஒப்புதல் தந்த லேப் டிப் கார்டையும் (சாய நிற மாதிரித் துணி ஒட்டிய அட்டை) சீல்டு சாம்பிளையும் (முத்திரையிட்ட மாதிரி ஆடை) இன்றைக்கே தேடி எடுத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஷேடு தகராறில் உங்களுக்காகப் பேசப்போகும் முதல் சாட்சி அந்தத் துண்டுத்துணிதான். இதே போன்ற ஒரு வழக்கில் அந்தக் கார்டை ஜன்னல் ஓரம் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் வெளிறிப்போய், எதிர்த்தரப்பு சொல்லும் ஷேடுக்கே அது வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த ஒப்பந்தத்தில் நடுவர் ஒருவர் என்று எழுதுங்கள். எந்த அமைப்பின் விதிகள், சீட் எந்த ஊர், எந்த மொழி என்பதையும் எழுதுங்கள். அவ்வளவு போதும். சிங்கப்பூர் சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையம் 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதிகளில், 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேற்படாத தகராறுகளுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஒரே நடுவர், மூன்று மாதத்தில் தீர்ப்பு. சென்னையையே சீட்டாக வைத்தாலும் தப்பில்லை. திருப்பூர் நீதிமன்ற டிகிரியைக் கொண்டுபோய் ஜெர்மனியில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. சென்னையில் கிடைத்த ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை நியூயார்க் உடன்படிக்கையின்படி அங்கே நிறைவேற்றலாம்.

சீட், சீட் என்கிறார்களே, அது என்ன?
– வங்கி ஊழியர், காரைக்குடி

வழக்கு சட்டப்படி எந்த ஊருக்குச் சொந்தம் என்பதுதான் சீட். விசாரணையைத் துபாய் ஹோட்டலிலும் நடத்தலாம், ஜூமிலும் நடத்தலாம். சீட் சென்னை என்றால் தீர்ப்பை எதிர்த்து சென்னையில்தான் மனுப் போட வேண்டும். சீட் வெளிநாட்டில் இருந்தால் இந்திய நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2012-ல் பால்கோ வழக்கில் உறுதி செய்தது. அதற்கு முன் பத்தாண்டு காலம் இது பெரிய குழப்பமாக இருந்தது.

எனக்குச் சுந்தரர் கதைதான் நினைவுக்கு வரும். புத்தூரில் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, “நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கிறது” என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு, வெண்ணெய்நல்லூர்க்காரர் என்றால் உம் வழக்கை அந்த ஊரிலேயே பேசலாம் வாரும் என்கிறார். எதிராளியின் ஊரைத் தானே சீட்டாக ஒப்புக்கொண்டுவிட்டார். அங்கே போன பிறகு கிழவர், கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். அசல் ஆவணம், நகல், கையெழுத்து ஒப்பீடு, ஊர் பற்றிய சம்மதம் என்று என் தொழிலில் உள்ளதெல்லாம் அந்தக் கதையில் இருக்கிறது. என்னிடம் வரும் ஜூனியர்களுக்கு முதல் வாரத்தில் இதைத்தான் சொல்வேன்.

தமிழ் வழியில் படித்தவள் நான். இந்தத் துறைக்கு வர முடியுமா? எதில் தொடங்க வேண்டும்?
– சட்டக் கல்லூரி மாணவி, தர்மபுரி

முடியும் அம்மா. நானும் பிளஸ் டூ வரை தமிழ் வழிதான். ஆங்கிலத்தை எழுதி எழுதிப் பிடித்துவிடலாம். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிப் பழகு. வியன்னாவில் ஆண்டுதோறும் விஸ் மூட் என்ற மாணவர் வாதப் போட்டி நடக்கிறது. உன் கல்லூரி அணி அனுப்பாவிட்டாலும், அந்த ஆண்டின் கற்பனை வழக்கு இணையத்தில் கிடைக்கும். தோழியோடு உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் எடுத்து வாதம் எழுதிப் பார். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்துகொள். கட்டட வேலையில் எந்த வேலை எப்போது முடிய வேண்டும் என்று காட்டும் பார் சார்ட் படிக்கத் தெரிந்துகொள். இந்தத் துறை வழக்குகளில் பாதி, யாரால் எத்தனை நாள் தாமதம் என்பதில்தான் நிற்கும்.

துண்டுச் சீட்டுகளைப் படிக்கவும் கற்றுக்கொள். எனக்கு அதைக் கற்றுத் தந்த வழக்கைச் சொல்கிறேன். 1990-ல் லிங்கிச் செட்டித் தெருவில் என் சீனியரின் அறையில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சென்னைத் துறைமுகத்துக்கு யூரியா ஏற்றி வந்த ஒரு கப்பல் ஒப்பந்தக் கெடுவைத் தாண்டி எட்டு நாள் நின்றுவிட்டது. கப்பல்காரர் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம் கேட்டார். லண்டனில் ஆர்பிட்ரேஷன். நாங்கள் இறக்குமதியாளர் பக்கம். மழை பெய்த நேரத்தைக் கழிக்க வேண்டும் என்பது எங்கள் வாதம். யூரியா ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் என்பதால், தூறல் விழுந்தாலே ஹாட்ச்சை, அதாவது கப்பலின் சரக்கறை வாயை மூடிவிடுவார்கள்.

சீனியர் ஒரு கோணிப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே எடைமேடைச் சீட்டுகள், ஆயிரத்துக்கும் மேலே. தரையில் பாய் விரித்து, தேதி வாரியாக, மணி வாரியாக மூன்று நாள் அடுக்கினேன். நவம்பரில் ஒரு நாள் மதியம் 2 முதல் 6 வரை மழை என்று எங்கள் தரப்புக் கணக்கில் இருந்தது. அதே நாலு மணி நேரத்தில் கப்பலடியிலிருந்து நேராக ஏற்றி வந்த 23 லாரிகள் எடை போடப்பட்டிருந்தன. சீட்டுகளில் ஈரக்கறை ஒன்றுகூட இல்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன். சீனியர் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்த நாலு மணி நேரத்தை நாமளே விட்டுக் கொடுத்துடுவோம்மா” என்றார். கட்சிக்காரரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்து, அன்று மாலையே லண்டனுக்கு டெலக்ஸ் போனது. மற்ற மழை நேரங்களில் எங்கள் கணக்கை நடுவர் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பாயில் கற்றது இன்றைக்கும் சோறு போடுகிறது. நன்றாகப் பேசுகிறவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோணிப்பையைத் தரையில் கொட்டி அடுக்குகிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. உன்னால் அது முடியுமென்றால் வா.

கறுப்பு கவுன், மை லார்ட் எல்லாம் அங்கே உண்டா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

கிடையாது. நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள், எதிரெதிரே இரு தரப்பு. நான் புடவையில்தான் போகிறேன். பல விசாரணைகளில் சதுரங்கக் கடிகாரம் போல நேரத்தை அளப்பார்கள். நான் பேசினாலும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தாலும் என் கணக்கில் நேரம் ஓடும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். சிங்கப்பூரில் பெரும்பாலான விசாரணைகள் நடக்கும் மேக்ஸ்வெல் சேம்பர்ஸ் ஒரு காலத்தில் சுங்க இலாகாக் கட்டடம். ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே சாப்பாட்டுக் கடைகள். மதியம் அங்கே வரிசையில் நிற்கும்போது, காலையில் மோதிக்கொண்ட எதிர்த்தரப்பு வக்கீல் தட்டோடு பின்னால் நிற்பார்.

சாட்சிகள் தமிழில் பேசலாமா?
– கட்டுமான மேற்பார்வையாளர், சிங்கப்பூர்

தாராளமாகப் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆனால் கவனம் வேண்டும். ஒரு கட்டடத் துணை ஒப்பந்த வழக்கில், கூடுதல் வேலைக்கு மெயின் கான்ட்ராக்டரின் மேலாளர் வாய்மொழியாக ஒப்புதல் தந்தாரா என்பதுதான் கேள்வி. நான் மெயின் கான்ட்ராக்டர் பக்கம். எதிர்த்தரப்பு சாட்சி புதுக்கோட்டைக்காரர், உங்களைப் போல சைட் சூப்பர்வைசர். நேர்மையான மனிதர் என்பது முகத்திலேயே தெரிந்தது. “கேட்டேன், சரி பார்க்கலாம்னு சொன்னாரு” என்றார். மொழிபெயர்ப்பாளரோ, கவனித்துக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். நடுவர் நியூசிலாந்துக்காரர். அதையே எழுதிக்கொண்டார்.

நான் எழுந்தேன். மொழிபெயர்ப்பு தப்பு என்று நானே சாட்சி சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் மறுபடி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பிறகு சாட்சியிடம், “பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னதும் நீங்கள் என்ன நினைத்தீர்கள்?” என்றேன். கொஞ்ச நேரம் தலைகுனிந்திருந்தார். “முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க மேடம். பார்க்கலாம்னா அவ்வளவுதான்னு எனக்கே தெரியும். இருந்தாலும் ஆளுங்க சும்மா நின்னாங்களே, வேலையை ஆரம்பிச்சுட்டோம்” என்றார்.

அந்தப் பகுதியில் நாங்கள் ஜெயித்தோம். ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்குள் இன்னும் கேட்கிறது. அந்த வேலைக்கு ஆட்கள் நிஜமாகவே உழைத்திருக்கிறார்கள். உங்களுக்கு என் வேண்டுகோள்: மேலாளர் “பார்க்கலாம்” என்று சொன்னால், அன்று சாயங்காலமே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பணம் கொடுத்து நியமித்தவர் பக்கம்தானே நடுவர் சாய்வார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

இந்தச் சந்தேகம் நியாயமானது, இதை லேசாக ஒதுக்கக் கூடாது. மூன்று பேர் கொண்ட அமர்வில் ஆளுக்கொருவரை நியமித்தாலும், கட்டணம் இரு தரப்பிலிருந்தும் வருகிறது. நியமனத்தை ஏற்கும் முன் நடுவர் தன் தொடர்புகள் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். எவையெல்லாம் தகுதிக்குறைவு என்று 2015 திருத்தத்தில் நம் சட்டம் அட்டவணையே போட்டது. ஒரு தரப்பே தனி நடுவரை நியமித்துக்கொள்ளும் முறை இங்கே நெடுங்காலம் நடந்தது, அரசு நிறுவன ஒப்பந்தங்களிலும்தான். 2019-ல் பெர்கின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது. பிறகு 2024 நவம்பரில் அதன் அரசியல் சாசன அமர்வு அது சமத்துவத்துக்கு விரோதம் என்று சொன்னது. தாமதமாக வந்தாலும் நான் மனதார வரவேற்ற தீர்ப்புகள் அவை.

நடுவர் நேர்மையானவராக இருந்தும் ஏமாறலாம். நைஜீரியா வழக்கு அதற்குச் சாட்சி. 2010-ல் ஓர் எரிவாயு ஒப்பந்தம். ஆலை கட்டப்படவே இல்லை. 2017-ல் அந்த அரசு 660 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பு. வட்டியோடு 1,100 கோடி டாலர் ஆனது. ஒப்பந்தம் லஞ்சத்தில் பிறந்தது, அரசுத் தரப்பின் ரகசிய ஆவணங்கள் எதிர்த்தரப்பு கைக்குப் போயிருந்தன என்பதெல்லாம் பிறகு வெளிவந்து, 2023 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை மோசடி என்று முடிவு செய்தது. ஒரு நாடே அழிந்திருக்கும். நடுவர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அந்த வழக்கை நினைத்துக்கொள்கிறேன். யாரும் என்னிடம் காட்டாத காகிதம் எது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் உட்கார்ந்த மூன்று பேர் நம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவது அவமானம் இல்லையா?
– வாசகர், மதுரை

எனக்கு அவமானமாகப் பட்டது வேறு. ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் 1989-ல் கோல் இந்தியாவோடு சேர்ந்து பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தது. 2002-ல் அதற்கு 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று அதிகமாகத் தீர்ப்பு கிடைத்தது. ஒன்பது ஆண்டு அது நம் நீதிமன்றங்களில் முடங்கிக் கிடந்தது. உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழி தரவில்லை என்று 2011-ல் இந்திய அரசின் மீதே நடுவர் தீர்ப்பு வந்தது. தொகை சின்னது. ஆனால் காரணம் சுட்டது. முன்தேதியிட்டுக் கேட்ட வரியை எதிர்த்து வோடஃபோன், கெய்ர்ன் நிறுவனங்கள் தொடர்ந்த ஆர்பிட்ரேஷன் வழக்குகளில் 2020-ல் அரசு தோற்றதும், 2021 ஆகஸ்டில் அந்த முன்தேதியிட்ட வரிச் சட்டத்தை நாடாளுமன்றமே விலக்கிக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரி போடும் உரிமை அரசுக்கு உண்டு. ஐந்தாண்டுக்கு முந்தைய வியாபாரத்துக்கு இன்று வரி எழுதும் உரிமை உண்டா என்பதுதான் அங்கே கேள்வி. இல்லை என்பதே என் கருத்து.

மறக்க முடியாத தோல்வி எது?
– வாசகி, சேலம்

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருந்த ஒருவரின் வழக்கு. வெளிநாட்டு கம்ப்ரெசர் நிறுவனத்தோடு தகராறு. சீட் சென்னை. தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. தீர்ப்பு நகல் அவர் கைக்கு வந்தது ஏப்ரல் 1. ரத்து செய்யக் கேட்டு மனுப் போட ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் கிடையாது. அவர் போன் செய்தபோது நான் விமான நிலையத்தில் இருந்தேன். “எப்படிப் பார்த்தாலும் நாலு மாசம் இருக்கு அண்ணா, நீங்க பணத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். இரண்டு லாரியில் ஒன்றை விற்று, கோர்ட்டில் கட்ட வேண்டிய பணத்தோடு ஆகஸ்ட் 1 காலையில் வந்தார். காகிதத்தை வைத்து விரல் விட்டு எண்ணினேன். மூன்று மாதம் ஜூலை 1-ல் முடிகிறது. ஜூலை 2-லிருந்து 30 நாள் எண்ணினால் ஜூலை 31. மூன்று மாதமும் 30 நாளும் சேர்ந்தால் நாலு மாதம் ஆகாது. ஜூலைக்கு 31 நாள். இந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் 2010-லேயே ஓர் இமாச்சல் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நான் ஜூனியர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

அன்றே மனுப் போட்டோம். ஒரு நாள் தாமதம் என்று தள்ளுபடி ஆயிற்று. அவர் தரப்பில் நல்ல நியாயம் இருந்தது. அதை யாரும் கேட்கவே இல்லை. தப்பு என்னுடையது என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். எல்லா ஃபீஸையும் திருப்பிக் கொடுத்தேன். என் தொழில்முறைக் காப்பீட்டில் கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று எழுதியும் கொடுத்தேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்கத் தொண்டை இறங்கவில்லை. வாசலில் மீதி இருந்த ஒரு லாரி நின்றிருந்தது.

அதற்குப் பிறகு போனில் நான் யாருக்கும் கெடு சொல்வதில்லை. காலண்டரை எதிரே வைத்து, ஒவ்வொரு நாளாகப் பென்சிலால் புள்ளி குத்தி, கடைசித் தேதியைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத்தான் தருகிறேன்.